மணப்பாடும் மனப்பாடமும்

துயினோவை நான் பார்த்ததில்லை. பார்ப்பேன் என்ற எண்ணமும் இல்லை. இத்தாலியில் திரியெஸ்த் நகருக்குப் பக்கத்தில், அட்ரியாட்டிக் கடலுக்கு மேலாக ஒரு பாறையில் நிற்கிற கோட்டை அது. 1912 ஜனவரியில் ரில்கே அங்கே விருந்தாளியாகத் தங்கியிருந்தார். பலத்த காற்றில் பாறை விளிம்பில் நடந்துகொண்டிருந்தவருக்கு எலிஜிகளின் முதல் வரி காற்றுக்குள்ளிருந்து கேட்டதாகச் சொல்வார்கள். கல்லூரி நாட்களிலிருந்து இந்தக் காட்சி என்னோடு இருக்கிறது. அந்தப் பாறையின் நிறம், காற்றின் குளிர் எல்லாமே எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எலிஜிகள் முடியப் பத்து வருஷம் ஆயிற்று என்பதும், 1922இல் ஸ்விட்ஸர்லாந்தில், கடலே இல்லாத ஓரிடத்தில்தான் அவை முடிந்தன என்பதும் எனக்குத் தெரிந்த விஷயங்களே. ஆனால் அவை என் வாதத்துக்கு உதவவில்லை. ஆகவே ஞாபகத்தில் தங்கவுமில்லை.

வாதம் என்று சொன்னது எட்டு வருஷத்துக்கு முன் நான் எழுதிய ஒரு கட்டுரையில் இருப்பது. 'கடலற்ற கவிதை' என்று தலைப்பு. தமிழின் புதுக்கவிதையில் கடல் ஒரு குறியீடாக மட்டுமே வருகிறது, ஸ்தூலமான கடல் இல்லை. சங்கத்து நெய்தலுக்குப் பிறகு நாம் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டோம். நமக்கும் ஒரு துயினோ வேண்டும் என்கிற மாதிரிப் போகும். நண்பர்கள் நாலு பேர் பாராட்டி எழுதினார்கள். ஒருவர் திட்டி எழுதினார். சிறுபத்திரிகை வட்டத்தில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

அந்தக் கட்டுரை எழுதப்பட்ட இடம் ஓட்டப்பிடாரம். தூத்துக்குடிக் கடல் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 1906இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடக் கம்பெனி ஆரம்பித்த வ.உ.சி. 1872இல் பிறந்தது இந்த ஊரில். அவருடைய நினைவு இல்லத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் பாங்குக்குப் போய்வருகிறேன். கட்டுரையில் வ.உ.சி. இல்லை, தூத்துக்குடி இல்லை. துயினோ மூன்று இடங்களில் இருந்தது.

எங்கள் கிளையில் அப்போது ஹெட் கேஷியராக இருந்தவர் மணப்பாட்டுக்காரர். எனக்கு இருபது வயதுக்கு மேல் மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நோட்டுக் கட்டை விரலால் விசிறிப் பார்த்தே ஒரு தாள் குறைகிறது என்று சொல்லிவிடுவார். அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் மட்டும் என் மேஜைக்கு வந்து, "தம்பி, செப்டம்பர் பதினாலு திருவிழா. ஊருக்கு வாங்க" என்பார். நான் வருகிறேன் என்பேன். ஆறு வருஷம் அப்படியே ஓடிற்று. பத்திரிகை வந்தபோது அவருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். இலக்கிய வாசனை உள்ளவர் என்பதற்காகக் கொடுக்கவில்லை. என் பெயர் அச்சில் வந்திருப்பதை யாராவது பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். "வாசிச்சேன்" என்றார். பிறகு, திருவிழாவுக்கு மூன்று மாதம் இருந்தபோதும், "ஊருக்கு வாங்க தம்பி" என்றார்.

அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் என் கட்டுரைகளை ஒரு தொகுதியாகப் போட நண்பர் ஒருவர் முன்வந்தார். மெய்ப்புத் தாள்கள் வந்தன. 'கடலற்ற கவிதை' அதில் நடுநாயகமாக இருந்தது. திருத்தும் பொருட்டு வாசித்தபோது இடறிற்று. என்ன இடறல் என்று உடனே தெரியவில்லை. வாதம் தவறு என்றும் தோன்றவில்லை. யாரோ ஒருவர் வேறொருவர் குரலில் பேசுவது மாதிரி இருந்தது. புரட்டாசியில் ஒரு இரண்டாவது சனிக்கிழமை, மெய்ப்பைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருவிழா முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் உப்பளங்கள் முடிகிற இடத்தில் பழையகாயல் வருகிறது. பஸ் ஒரு நிமிஷம் நிற்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறைமுகம் இங்கேதான் இருந்தது என்று கால்டுவெல் சொன்னார். அரேபியாவிலிருந்து குதிரைகள் வந்து இறங்கியதையும், ஊரார் எந்நேரமும் வெற்றிலை மெல்வதையும், அதற்குத் தாம்பூலம் என்ற பெயர் இருப்பதையும் அந்த வெனிஸ்காரர் சொல்லிவைத்திருக்கிறார். இன்று ஊரிலிருந்து கடல் தெரியாது. தாமிரவருணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் பின்வாங்கிவிட்டது. முத்துக்குப் பேர்போன கொற்கைக்கு அதற்கும் முன்பே நேர்ந்ததும் இதுதான். அட்ரியாட்டிக்கின் ஒரு நகரத்திலிருந்து ஒருவன் எழுநூறு வருஷத்துக்கு முன்பே என் ஜில்லாவுக்கு வந்து, வெற்றிலைக்குப் பெயர் கேட்டுக்கொண்டு போயிருக்கிறான். நான் அவன் கடலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ் கிளம்பிவிட்டது.

திருச்செந்தூரில் இறங்கி மாறி, குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. 18 கிலோமீட்டர். கண்டக்டர் "மணப்பாடு, மணப்பாடு" என்று கூவியபோது என் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் "மனப்பாடம்" என்று முணுமுணுத்துச் சிரித்தான். தினசரி அந்த பஸ்ஸில் போகிறவனுக்குக்கூட அந்தச் சிலேடை பழசாகியிருக்கவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது வீடுகள். இரண்டு தட்டு வீடுகள், உயரமான தூண்கள், மரச் சட்டம் போட்ட ஜன்னல்கள். கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டியவை. அந்த வியாபாரம் நின்ற பிறகு குடும்பங்கள் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் அதற்கப்பாலும் போய்விட்டன. பல வீடுகளில் பூட்டு தொங்குகிறது. திருவிழாவுக்குத் திறந்து, வெள்ளையடித்து, மறுபடி பூட்டியிருக்கிறார்கள். ஒரு வாசலில் சுண்ணாம்புச் சொட்டு இன்னும் அழியவில்லை. தெருக்கோடியில் மணல் மேடு பாறையாக இறுகி எழுந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோவில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி. நடுவே மணல் நாக்கு. கழிக்குள் வள்ளங்கள் அசையாமல் நிற்கின்றன. தண்ணீர் இரண்டு பக்கமும் சூழ்ந்திருப்பதால் இந்த ஊருக்குக் 'குட்டி வெனிஸ்' என்று பத்திரிகைக்காரர்கள் பேர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பேர் எனக்கு எரிச்சலூட்டியது. பிறகு யோசித்தேன். தமிழின் காஃப்கா, தமிழின் செகாவ் என்று நாம் எழுதுகிறபோது செய்வது இதைத்தானே? பார்க்க வேண்டிய ஒன்றுக்கு முன்னால் ஏற்கெனவே பார்த்த ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. அதன் களம் மணப்பாடு. அதைக் கல்லூரியிலேயே படித்துவிட்டேன். நல்ல நாவல் என்று யாரிடமும் சொல்வேன். ஆனால் அதில் வருகிற ஊர் பஸ் போகிற ஊர், என் மேஜைக்குப் பக்கத்து மேஜைக்காரரின் ஊர் என்பது என் பிரக்ஞையில் படவில்லை. துயினோ இருந்த இடத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

அண்ணாச்சியின் வீடு பெரிய வீடுகளில் ஒன்றல்ல. கழிப் பக்கம், ஒரு தெரு உள்ளே. மதினி மீன் குழம்பு வைத்திருந்தார்கள். காலையில் கரைக்கு வந்த மீன். "இன்னைக்குப் பாடு பரவாயில்ல" என்றார் அண்ணாச்சி. கிடைத்த மீனுக்கு இந்தக் கரையில் பாடு என்று பெயர். நேற்றுப் பாடு இல்லை, நாளைக்குப் பாடு எப்படியோ என்பார்கள். எங்கள் கரிசல் பக்கத்தில் வெள்ளாமையைப் பற்றி இதே தொனியில் பேசுவார்கள். ஆனால் அங்கே பாடு என்றால் கஷ்டம் மட்டும்தான்.

சாப்பிட்ட பிறகு கேட்டேன். "சின்ன வயசில நீங்களும் கடலுக்குப் போயிருக்கீங்களா அண்ணாச்சி?"

"ஒரே ஒரு தடவை. பதினஞ்சு வயசிருக்கும். எங்க சித்தப்பா வள்ளத்துல. கரை மறைஞ்சதும் அழுதுட்டேன். வாந்தி வேற. அதுக்கப்புறம் போகல. எனக்கு நீச்சலும் தெரியாது." மதினி உள்ளேயிருந்து சிரித்தார்கள். "கடல் வேண்டாம்னுதான் தம்பி நான் பாங்குப் பரீட்சை எழுதினேன்."

நான் எதிர்பார்த்திருந்தது வேறு. மணப்பாட்டுக்காரர் என்றால் கடலைக் கரைத்துக் குடித்தவர், காற்றின் பெயர்களை அடுக்குவார், நான் குறிப்பெடுப்பேன் என்று மனதுக்குள் ஒரு சித்திரம் வைத்திருந்திருக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கொண்டுபோயிருந்தேன்.

"பெறகு ஏன் இங்கயே வந்துட்டீங்க?"

"வேற எங்க போக?"

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "நீங்க எழுதினத வாசிச்சேன்லா. கடல் வேணும், கடல் வேணும்னு எழுதியிருந்திய. நான் அது வேண்டாம்னு ஓடுனவன். உங்ககிட்ட என்னத்தச் சொல்ல? சரி, வந்து பாக்கட்டும்னு இருந்தேன்."

குரலில் கேலி இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மாலையில் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏறும்போது ஊர்க் கதையைச் சொன்னார். 1540இல் புயலில் சிக்கிய ஒரு போர்ச்சுகீசியக் கப்பலின் தலைவன், பிழைத்தால் முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டானாம். அந்தச் சிலுவை நின்ற இடத்தில்தான் கோவில். அதன் கீழே, கடலைப் பார்த்த பாறையில் ஒரு குகை. பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த இடம். உள்ளே ஒரு கிணறு இருக்கிறது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் தண்ணீர் உப்பில்லை. ஒரு வயதான அம்மாள் முக்காடு போட்டு முழந்தாளிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொற்கள் பிரியாமல் ஒரே ரீங்காரமாகக் கேட்டது. ஆயிரம் தடவை சொன்னவர்களுக்குத்தான் அப்படி வரும்.

சவேரியாரைப் பற்றி நான் புத்தகங்களில் படித்தது அங்கே உட்கார்ந்திருந்தபோது வேறு விதமாக நினைவில் வந்தது. இந்தக் கரையின் பரதவர்கள் 1530களின் நடுவிலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். ஆனால் போதிக்க ஆள் இல்லை. 1542இல் வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தன் தாய்மொழி பாஸ்க், இவர்களுடையது தமிழ், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிவதில்லை என்கிற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். இரண்டு பாஷையும் கொஞ்சம் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். அதை மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய், பிள்ளைகளைக் கூட்டி, தனக்கு அர்த்தம் பிடிபடாத சொற்களை உரக்கச் சொல்லிக் கொடுத்தார்.

1544இல் இந்தக் கரையிலிருந்து மன்சிலாஸ் என்ற தன் சகாவுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'நான் விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் மொழிபெயர்த்தவர்கள் 'எனக்கு வேணும்' என்று போட்டிருக்கிறார்கள். இனி அதைச் சொல்லாதே, விசுவாசம் என்று சொல். வேணும் என்பதற்கு ஆசைப்படுகிறேன் என்றுதான் அர்த்தம் என்று விளக்குகிறார். அதாவது, அந்தத் திருத்தம் வரும்வரை ஒரு கரை முழுக்கக் குழந்தைகள் கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இதைப் படித்த காலத்தில் சிரித்தேன். குகையில் சிரிப்பு வரவில்லை. மெய்ப்புத் தாள்கள் பைக்குள் இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் அண்ணாச்சி, வேணும் வேணும்னு எழுதியிருந்திய என்று சொல்லியிருந்தார்.

தமிழ் விமர்சனத்தில் என் தலைமுறைக்காரர்கள் எழுதியதைப் புரட்டிப் பார்த்தால் இந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நமக்கு ஒரு எலியட் வேண்டும். கறாரான மரபுப் பிரக்ஞை வேண்டும். நகரத்தின் கவிதை வேண்டும். கடல் வேண்டும். ஆங்கிலத்தில் படித்த ஒரு பட்டியலை மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போயிருக்கிறோம். இல்லாததன் பட்டியலைப் போடுவதற்கு எதையும் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இருப்பதைச் சொல்வதற்கு அங்கே போக வேண்டும். போனால் அது நாம் நினைத்த மாதிரி இருக்காது. நீச்சல் தெரியாத மணப்பாட்டுக்காரரை என் கட்டுரையில் எங்கே வைப்பது?

சவேரியாரைக் குறைத்துச் சொல்வதாக ஆகிவிடக்கூடாது. அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. 1545இல் மலாக்கா, 1549இல் ஜப்பான், 1552இல் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் மரணம். தனக்குப் புரியாததைச் சொல்கிறோம் என்பதை அவர் மறைக்கவில்லை. தவறு தெரிந்ததும் கடிதம் எழுதித் திருத்தினார். எட்டு வருஷமாக நான் அதைச் செய்யவில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர் அன்றிக் அடிகளார் என்று நாம் சொல்கிற ஹென்றிக்கஸ். 1547இல் இந்தக் கரைக்கு வந்தவர் 1600இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். தமிழைப் படித்தார். போர்ச்சுகீசியர்களுக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்று எழுதினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். பதினாறு பக்கம். இந்திய மண்ணில் ஓர் இந்திய மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் புத்தகம் அது. அந்தப் பதினாறு பக்கத்துக்குப் பின்னால் இந்தக் கரையில் முப்பது வருஷத்து வாசம் இருக்கிறது. நாம் சவேரியாரின் கதையைத்தான் பெரிதாகச் சொல்கிறோம். மணியடித்துக்கொண்டு போவது கதையாகிறது. ஒரே ஊரில் உட்கார்ந்து வினைத்திரிபுகளைக் கற்றுக்கொள்வது கதையாவதில்லை.

ஆனால் இதையும் நான் ஒரு புது மனப்பாடமாக ஆக்கிவிடக்கூடும். இனிமேல் மண்ணின் எழுத்துதான் வேண்டும், அந்நியப் பெயர்கள் வேண்டாம் என்று அடுத்த கட்டுரையை எழுதுவது சுலபம். அதுவும் வேணும்தான். ரில்கேயை நான் விட்டுவிடப் போவதில்லை. பதினெட்டு வயதில் ஓட்டப்பிடாரத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பாதி புரிந்தும் புரியாமலும் அவரைப் படித்தபோது எனக்கு நடந்தது பொய்யில்லை. பாதி புரிந்ததை முழுக்கப் புரிந்ததாகக் காட்டி, அதைக்கொண்டு மற்றவர்களை அளந்ததுதான் பொய்.

இருட்டுவதற்குள் கீழே இறங்கினோம். அண்ணாச்சி கடல் பக்கம் பார்க்காமல் படிகளைப் பார்த்துத்தான் இறங்கினார். "அடுத்த மாசம் வாடை தொடங்கிரும். வள்ளம் பாதி நாள் கரையிலதான் கெடக்கும்" என்றார். "உங்க பக்கம் அப்பதான மழை?" ஆமாம் என்றேன். இந்தக் கரையில் பாடு இல்லாத நாட்களில்தான் எங்கள் கரிசலில் விதைப்பு நடக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் அந்த மழை தவறினால் மாசியில் நகைக்கடனைத் திருப்பி வைக்க என் கவுண்டருக்கு முன்னால் வரிசை நிற்கும். அந்த மழை எங்கிருந்து வருகிறது என்று எந்த விவசாயியும் என்னைக் கேட்டதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. மின்சாரம் இல்லை. அம்மா முற்றத்தில் கட்டிலைப் போட்டு விழித்திருந்தாள். அவள் கடலைப் பார்த்தது திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போன இரண்டு மூன்று தடவைதான். மெழுகுவர்த்தி வைத்து மெய்ப்பை எடுத்தேன். கட்டுரையில் 'வேண்டும்' என்று வந்த இடங்களையெல்லாம் கோடிட்டுக்கொண்டு போனேன். பதினேழு. எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். தொகுதியில் அது அப்படியே இருக்கட்டும், எழுதிய வருஷத்தைக் கீழே போட்டு, பின்னால் இதைச் சேர்த்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

கிழக்கே தாழ்வாக ஒரு மின்னல் வெட்டிற்று. சத்தம் வரவில்லை. அம்மா கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்: "கீழ மின்னுது. மேகம் கடல்ல தண்ணி குடிக்குது. நாலு நாள்ல வந்துரும்."

இதை அவள் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறாள். அந்தக் கட்டுரையை இதே முற்றத்தில்தான் எழுதினேன். அப்போதும் சொல்லியிருப்பாள்.